அதிகம் யோசிப்பவர்கள்: ஹராரேயிலிருந்து ஒரு துயர வரலாறு

1

சில வருடங்களுக்கு முன் எங்கள் அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் தோழர், கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், “தூங்கி மூணு மாசமாச்சு தோழர். என்னென்னமோ யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. நெஞ்சு படபடங்குது” என்றார். பக்கத்திலிருந்த மூத்த தோழர் சிரித்துக்கொண்டே, “இதெல்லாம் மிடில் கிளாஸ் வியாதிம்மா. வயக்காட்டுல வேலை செய்யறவளுக்கு டிப்ரஷன் வருதா? வேலையில எறங்குங்க, சரியாப் போயிடும்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அது ஒரு வர்க்கப் பார்வை என்றே அன்றைக்கு எனக்கும் பட்டது. பிறகு அந்தத் தோழர் கூட்டங்களுக்கு வருவது நின்றுபோனது. ஏன் என்று கேட்டுக்கொண்டு எங்களில் யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதல்ல. மூத்த தோழர் சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றியது. உடலுழைப்பாளிக்கு மனச்சோர்வு வராது என்ற பொதுப்புத்திக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை மருத்துவ அறிவாக எழுதி அச்சிட்டவர்களில் காலனிய அரசுகளிடம் சம்பளம் வாங்கிய டாக்டர்கள் உண்டு. அவர்கள் எழுதியதையும் நாம் பேசுவதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடம் தேவை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ‘மனநோய்’ என்றதும் நம் கண்முன் வருவது மதில், சங்கிலி, தெருவில் அலையும் மனிதர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து செத்த பிறகு இந்தப் படிமம் இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசியாக வேண்டும், பேசியும் இருக்கிறோம். ஆனால் மதிலுக்கு வெளியே, சோறாக்கிக்கொண்டே, வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே ஜனங்கள் அனுபவிக்கிற துயரம் ஒன்று இருக்கிறது. தூக்கமின்மை, காரணமில்லாத பயம், எதிலும் பிடிப்பில்லாமை, உடம்பெல்லாம் வலி, செத்துவிடலாமா என்ற எண்ணம். மனச்சோர்வு என்றும் மனப்பதற்றம் என்றும் தனித்தனியாகச் சொல்லப்படும் இவை பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. 1992இல் கோல்ட்பெர்க், ஹக்ஸ்லி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இவற்றை மொத்தமாகப் ‘பரவலான மனநலக் கோளாறுகள்’ என்ற பெயரில் எழுதினார்கள். பரவலானவை என்றால் சாதாரணமானவை என்று பொருளல்ல. நிறையப் பேருக்கு வருகிறது என்று மட்டுமே பொருள்.

இந்தத் துயரத்தின் வரலாற்றைப் பேச ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக ஜிம்பாப்வேக்குப் போக வேண்டியிருக்கிறது. இல்லை என்று மறுக்கப்பட்டது, பிறகு எண்ணப்பட்டது, பெயரிடப்பட்டது, கடைசியில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து பேசப்பட்டது என இந்த விவாதத்தின் எல்லாக் கட்டங்களும் அங்கே தெளிவாகத் தெரிகின்றன.

2

பிரிட்டிஷ் குடியேற்றக்காரர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட இரண்டு நாடுகள் கென்யாவும் தெற்கு ரொடீஷியாவும். இன்றைய ஜிம்பாப்வேதான் அன்றைய தெற்கு ரொடீஷியா. அங்கே புலவாயோ நகரத்தில் 1908இல் இங்குட்ஷெனி என்ற மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. கென்யாவின் நைரோபியில் மத்தாரி மருத்துவமனை இருந்தது. இரண்டு இடங்களிலும் வெள்ளையர்களும் கறுப்பர்களும் தனித்தனியாக வைக்கப்பட்டார்கள்.

மத்தாரியை 1938 முதல் 1950 வரை நிர்வகித்தவர் ஜே.சி. கரோதர்ஸ். மனநல மருத்துவத்தில் முறையான பயிற்சி இல்லாமலே அந்தப் பொறுப்புக்கு வந்தவர். 1953இல் ஆப்பிரிக்க மனம் பற்றி இவர் எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. ஆப்பிரிக்கர்களிடம் மனச்சோர்வு மிக அரிது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. காரணம்? தனிமனிதப் பொறுப்புணர்வும் குற்றவுணர்வும் அவர்களிடம் வளரவில்லையாம். மூளையின் முன்பகுதியில் அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியரோடு ஆரோக்கியமான ஆப்பிரிக்கரை ஒப்பிடும் அளவுக்கு அவர் போனார். அடுத்த வருடம், 1954இல், கென்ய காலனிய அரசு மாவ் மாவ் கிளர்ச்சியின் ‘உளவியலை’ விளக்க இவரையே அழைத்தது. நிலம் கேட்டுப் போராடியவர்களின் எழுச்சி, பழைய பண்பாட்டிலிருந்து பிய்த்தெறியப்பட்ட மனங்களின் கோளாறாக அங்கே மாற்றி எழுதப்பட்டது.

அதாவது, துயரப்படும் அளவுக்கு ஆப்பிரிக்கருக்கு மனம் கிடையாது. கிளர்ச்சி செய்தால் மட்டும் அது மனக்கோளாறு.

அல்ஜீரியாவின் ப்ளிதா மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை மருத்துவராக இருந்த ஃபனான், 1961இல் வெளிவந்த தன் கடைசி நூலில் கரோதர்ஸை நேரடியாக எதிர்கொண்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஃபனானின் கவனம் முக்கியமாகக் காலனியப் போர் உண்டாக்கிய காயங்களின் மேலும், சுதேசி பிறவிக் குற்றவாளி என்ற பொய்யின் மேலும் இருந்தது. கரோதர்ஸ் இந்த முடிவுக்கு வந்த வழியை, அவருடைய கணக்கை, நாம் தனியாகப் பார்க்க வேண்டும்.

அவர் எண்ணியது காப்பகத்துக்குள் இருந்தவர்களை. காப்பகத்துக்குள் வந்தவர்கள் யார்? சந்தையில் கத்தியவர், வெள்ளை முதலாளி வீட்டு வாசலில் ரகளை செய்தவர், போலீஸ் பிடித்துவந்தவர். புலவாயோ காப்பகத்தின் வரலாற்றை 2005இல் நூலாக எழுதிய லினெட் ஜாக்சன், அங்கே கொண்டுவரப்பட்ட கறுப்பினப் பெண்களில் பலர் சாலைகளிலும் நகரத்திலும் தனியாக ‘அலைந்ததற்காக’ப் பிடிக்கப்பட்டவர்கள் என்பதைக் காட்டுகிறார். புருஷனோடு, தகப்பனோடு, ஒதுக்கப்பட்ட கிராமத்தில் இருக்க வேண்டியவள் நகரத்துச் சாலையில் என்ன செய்கிறாள் என்பதே அந்த நோயறிதலின் தொடக்கம். குடிசைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த பெண்ணைப் போலீஸ் பிடிக்காது. அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆகவே அவள் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராததால் அந்த நோயே இல்லை என்றாகிவிட்டது.

1990களில் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் வழியாக ஃபூக்கோ நமக்கு வந்தபோது, அடைத்துவைத்தலின் வரலாறாகவே பைத்தியத்தின் வரலாற்றைப் படித்தோம். ஆனால் காலனிய ஆப்பிரிக்க மருத்துவத்தை ஆராய்ந்த மேகன் வான், 1991இல் வந்த தன் நூலில், அந்தக் கதையாடலை அப்படியே ஆப்பிரிக்காவுக்குப் பொருத்த முடியாது என்று வாதிட்டார். அங்கே ஐரோப்பாவில் நடந்ததுபோன்ற மாபெரும் அடைப்பு நடக்கவில்லை. பைத்தியக்காரனை ‘மற்றவன்’ ஆக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் ஆப்பிரிக்கர் அனைவருமே ஏற்கெனவே ‘மற்றவர்கள்’. காலனிய மருத்துவம் தனித்தன்மையுள்ள தன்னிலைகளைக் கட்டமைக்கவில்லை. கூட்டங்களையும் இனங்களையும் வகைப்படுத்தியது. இதை நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். அதிகாரம் எல்லா இடத்திலும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். சில மனிதர்களை அது பார்க்காமலே விட்டுவிடுகிறது. அப்படி விட்டுவிடுவதும் ஆளும் முறைதான்.

3

காப்பகத்தில் இல்லாதவர்கள் எங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கான விடைகள் 1960ஐ ஒட்டிய வருடங்களில் வரத் தொடங்கின.

கானாவின் அஷாந்திக் கிராமப்புறத்தில் குறி சொல்லும் கோயில்களில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கவனித்தவர் மார்கரெட் ஃபீல்டு. மானுடவியலாளராக இருந்து பிறகு மருத்துவம் படித்தவர். 1960இல் வெளியான அவருடைய நூல் சொன்னது இதுதான்: கிராமத்துப் பெண்களிடம் மனச்சோர்வு மிகப் பரவலாக இருக்கிறது. அவர்கள் டாக்டரிடம் போகவில்லை, சாமியிடம் வந்தார்கள். ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லவில்லை. ‘நான் சூனியக்காரியாகிவிட்டேன், என் பிள்ளைகளை நானே தின்றுவிட்டேன்’ என்று சொன்னார்கள். குற்றவுணர்வே இல்லாதவர்கள் என்று கரோதர்ஸ் எழுதிய அதே ஆப்பிரிக்கர்கள், செய்யாத குற்றத்தைத் தங்கள் தலைமேல் போட்டுக்கொண்டு அழுதார்கள்.

நைஜீரியாவில் 1954 முதல் அபெயோகுட்டாவின் ஆரோ மருத்துவமனையை நடத்தியவர் தாமஸ் அடியோய லாம்போ. நோயாளிகளை மதிலுக்குள் அடைக்காமல், சொந்தக்காரர்களோடு அருகிலுள்ள கிராமங்களில் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தவர். அவரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழுவினரும் சேர்ந்து யொரூபா கிராமங்களில் செய்த ஆய்வு 1963இல் வெளிவந்தது. ‘மனச்சோர்வு’ என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் யொரூபாவில் இல்லை. ஆனால் அதன் அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னபோது ஜனங்கள் அடையாளம் கண்டார்கள். அவை அங்கே நிறையவே இருந்தன. 1979இல் ஆர்லி, விங் ஆகிய இருவர் உகாண்டாவின் இரண்டு கிராமங்களையும் லண்டனின் ஒரு பகுதியையும் ஒரே நேர்காணல் முறையைக் கொண்டு ஒப்பிட்டார்கள். உகாண்டா கிராமங்களில்தான் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

ஆக, 1953க்கும் 1979க்கும் இடையில் ஆப்பிரிக்கரின் மனம் மாறிவிடவில்லை. எண்ணப்போன இடம் மாறியது, கேட்ட கேள்வி மாறியது. சொல் இல்லையென்றால் நோயும் இல்லை என்று நினைப்பது அறிதல்முறையின் பிழை. நம் ஊரில் ‘மனச்சோர்வு’ என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கிராமத்துப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ‘மனசே சரியில்ல’, ‘ஒரே யோசனையா இருக்கு’, ‘கைகால் ஓயுது’, ‘நெஞ்சடைக்குது’ என்றுதான் கேட்டிருக்கிறேன். சொல் நம்மிடம் இருந்தது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் காதுதான் இல்லை.

4

ஜிம்பாப்வே 1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை பெற்றது. முதல் பத்தாண்டில் கிராமம்தோறும் சுகாதார நிலையங்களும் பள்ளிகளும் வந்தன. 1991இல் உலக வங்கி, பன்னாட்டு நிதியத்தின் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டம் வந்தது. மருத்துவமனைகளில் கட்டணம், பள்ளிகளில் கட்டணம், ஆட்குறைப்பு, விலையேற்றம். 1992இல் கொடும் பஞ்சம். கூடவே எய்ட்ஸ். அந்தப் பத்தாண்டின் இறுதியில் வயதுவந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது.

இந்தச் சூழலில்தான் மெலனி அபாஸும் ஜெரமி பிராட்ஹெட்டும் ஹராரேயின் ஒரு கறுப்பர் குடியிருப்பில் பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். 1997இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, 172 பெண்களில் 30.8 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வோ மனப்பதற்றக் கோளாறோ இருந்திருக்கிறது. இந்த எண்ணைவிட அவர்கள் அடுத்துக் கேட்ட கேள்வி முக்கியமானது: அதற்குமுன் என்ன நடந்தது? லண்டனின் கேம்பர்வெல் பகுதி உழைக்கும் வர்க்கப் பெண்களைப் பற்றி ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் 1978இல் செய்த புகழ்பெற்ற ஆய்வின் முறையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹராரேயில் கிடைத்த விடை: புருஷன் விட்டுப்போனது அல்லது வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டது, இளவயதுச் சாவுகள், வீட்டில் நோயாளி, கடன், பசி. இவற்றில் அவமானமும், தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட நிலையும் சேர்ந்திருந்த நிகழ்வுகளின் பங்கு கேம்பர்வெல்லைவிட அங்கே அதிகம்.

இந்த இரண்டு சொற்களையும் மறக்கக் கூடாது: அவமானம், மாட்டிக்கொள்ளல். இழப்பு மட்டும் மனிதரை இப்படி முறிப்பதில்லை. இழந்தும் வெளியேற முடியாமல், நாலு பேர் முன்னால் சிறுத்துப்போய் அங்கேயே கிடக்க வேண்டியிருப்பதுதான் முறிக்கிறது. சாதியும் குடும்பமும் சேர்ந்து நம் பெண்களுக்குச் செய்வதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொற்கள் எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தில் ஹராரேக்கு வந்தவர் விக்ரம் படேல், நம் நாட்டு இளம் மருத்துவர். ஏழை நாடுகளில் மனச்சோர்வு என்று சொல்லப்படுவது வறுமைக்கும் அநீதிக்கும் மனிதர் காட்டும் எதிர்வினைதான், நோயல்ல என்ற நம்பிக்கையோடு போனதாக அவரே பின்னாட்களில் சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட நம் மூத்த தோழரின் நிலைப்பாடு. நோயாளிகளையும் பாரம்பரிய வைத்தியர்களான ‘நங்கா’க்களையும் கேட்கக் கேட்க அது கரைந்துபோனது. ஜனங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஷோனா மொழிச் சொல் ‘குஃபுங்கிசிசா’. ‘குஃபுங்கா’ என்றால் யோசித்தல். ‘இசிசா’ என்ற விகுதி சேர்ந்தால் அது அளவுமீறுகிறது. நாம் ‘யோசிச்சு யோசிச்சு’ என்று அடுக்கிச் சொல்வது மாதிரி. இந்தச் சொல் நோயின் பெயராகவும் இருக்கிறது, நோயின் காரணமாகவும் இருக்கிறது. அதிகம் யோசித்ததால் நோய் வந்தது. வந்த நோய் அதிகம் யோசிக்க வைக்கிறது. யோசிக்கவைத்தது எது என்று கேட்டால் வாடகை, புருஷன், செத்துப்போன பிள்ளை என்று உடனே பதில் வரும். உடம்பு, மனம், சமூகம் என்று நாம் மூன்றாகப் பிரித்துவைத்ததை அந்தச் சொல் பிரிக்கவில்லை.

இச்சொற்களிலிருந்து 1997இல் உருவானதுதான் 14 கேள்விகள் கொண்ட ஷோனா வினாப்பட்டியல். கடந்த ஒரு வாரத்தில் அதிகம் யோசித்தீர்களா, அற்ப விஷயத்துக்குக் கோபம் வந்ததா, அழ வேண்டும்போல் இருந்ததா, சாக வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்பது. லண்டன் கேள்விகளை ஷோனாவில் பெயர்த்தது அல்ல அது, ஷோனாவிலேயே பிறந்தது. பிறகு நடந்தது ஒரு சின்ன கூத்து. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், துயரத்தின் பண்பாட்டு வடிவங்கள் என்ற பின்னிணைப்பில், குஃபுங்கிசிசாவுக்கும் இடம் கிடைத்தது. ஷோனாக்காரருக்கு வந்தால் பண்பாடு. அமெரிக்கருக்கு வரும் ‘டிப்ரஷன்’ மட்டும் பண்பாடில்லாத, உலகப் பொதுவான நோய். அதனால் அது பின்னிணைப்பில் இல்லை, நூலின் நடுவில் இருக்கிறது. மையமும் விளிம்பும் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதை அந்தக் கையேடு தன் பக்க அமைப்பிலேயே காட்டிவிடுகிறது.

5

2005 மே மாதம் முகாபே அரசு ‘முரம்பட்ஸ்வினா’ என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. ஷோனாவில் ‘குப்பையை விரட்டுதல்’ என்று பொருள். நகரங்களில் அனுமதியில்லாமல் கட்டியவை என்று சொல்லி வீடுகளும் கடைகளும் புல்டோசர்களால் தரைமட்டமாக்கப்பட்டன. ஐ.நா. சிறப்புத் தூதர் அன்னா திபைஜுகா அதே ஆண்டு கொடுத்த அறிக்கையின்படி வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7,00,000 பேர். நகரத்தில் இருக்கத் தகுதியில்லாத ஏழைகள் என்ற கருத்தாக்கத்தைக் காலனிய ஆட்சி உருவாக்கியது; விடுதலை பெற்ற அரசு புல்டோசரோடு அதைக் கையில் எடுத்துக்கொண்டது. 1908இல் சாலையில் அலைந்த பெண் பைத்தியம். 2005இல் நடைபாதையில் தக்காளி விற்ற பெண் குப்பை.

ஹராரேயின் மிகப் பழைய கறுப்பர் குடியிருப்பு ம்பாரே. இடிப்புக்குப் பிறகு அங்கே ஏதாவது செய்ய முயன்றவர் டிக்சன் சிபாண்டா. நாட்டில் இருந்த மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களில் ஒருவர். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த 26 வயதுப் பெண் ஒருவர் அந்த ஆண்டு தற்கொலை செய்துகொண்டார். மறுபடி ஏன் அழைத்துவரவில்லை என்று கேட்டதற்கு, ஊரிலிருந்து வர பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்று அந்தப் பெண்ணின் தாய் சொன்னதாக சிபாண்டா பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் உதவி கேட்டபோது நர்சுகள் இல்லை, அறை இல்லை என்றார்கள். கொடுக்கப்பட்டது 14 பாட்டிமார்கள், வெளியே முற்றம். நகராட்சி சுகாதாரப் பணியில் ஏற்கெனவே இருந்த, ‘சுகாதாரப் பாட்டி’ என்றே ஜனங்கள் கூப்பிட்ட பெண்கள் அவர்கள். 2006இல் மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். அதற்கு ‘மனநல பெஞ்சு’ என்று பெயர் வைத்தபோது யாரும் உட்கார வரவில்லை. பெயரை மாற்றச் சொன்னது பாட்டிமார்கள்தான். ‘யோசனை பரிமாறிக்கொள்ளும் பெஞ்சு’ என்ற பொருளில் ஒரு ஷோனாப் பெயர் வந்தது. உலகம் அதை ‘நட்பு பெஞ்சு’ என்று அறியும்.

அங்கே நடப்பது எளிமையானது. 14 கேள்விகளைக் கேட்கிறார்கள். பிறகு முதல் படி, ‘மனசைத் திறத்தல்’: எல்லாப் பிரச்சினைகளையும் சொல்லச் சொல்லி, எதை முதலில் எடுக்கலாம் என்று வந்தவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. அடுத்தது தூக்கிவிடுதல், அதற்கடுத்தது உறுதிப்படுத்துதல். ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள் கூடும் ஒரு வட்டமும் உண்டு. பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேசிக்கொள்வார்கள். இது பயனுள்ளதா என்று ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில், 573 பேரிடம் சோதித்துப் பார்த்து, முடிவை 2016 டிசம்பரில் வெளியிட்டார்கள். வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். நாற்பது சதவீதத்துக்கு மேல் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 49.9 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு மட்டுமே.

6

இந்த இடத்தில் நம்மில் பலருக்குச் சந்தேகம் வரும். வர வேண்டும். அரசாங்கம் வீட்டை இடித்தது. பாட்டி மனசைத் திறக்கிறாள். அறிகுறிக் கணக்கு குறைந்தது, வீடு திரும்பக் கிடைத்ததா? புல்டோசரின் பெயர் நோயாளியின் அட்டையில் எங்காவது எழுதப்பட்டதா? பிரச்சினையைத் தீர்ப்பது என்று சொல்லும்போது, தனி ஒருத்தி தீர்க்கக்கூடிய அளவுக்கு அரசியல் பிரச்சினையை நறுக்கித் தருவதுதானே நடக்கிறது? 2007இல் மருத்துவ இதழ்களின் வழியே ‘உலக மனநலம்’ என்றொரு இயக்கம் எழுந்ததிலிருந்து டெரக் சம்மர்ஃபீல்டு, சைனா மில்ஸ் போன்றவர்கள் இக்கேள்விகளைத் தொடர்ந்து எழுப்பிவருகிறார்கள். ஏழைகளின் துன்பத்தை நோயாக மொழிபெயர்த்துவிட்டால் அடுத்தது மாத்திரைச் சந்தைதான் என்ற எச்சரிக்கை பொய்யல்ல. இன்னொன்றும் இருக்கிறது: பாட்டிமார்களின் உழைப்பு. நிதிச் சீரமைப்பு மருத்துவத்திலிருந்து அரசைப் பின்வாங்க வைத்தபோது உண்டான பள்ளத்தை, வயதான ஏழைப் பெண்களின் பொறுமை நிரப்புகிறது. 2005இல் நம் நாட்டில் ஆஷா பணியாளர்களை ஊதியமாக அல்ல, ஊக்கத்தொகையாகக் கொடுத்து வேலை வாங்கத் தொடங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. பெஞ்சில் பாட்டி கேட்கும் முதல் கேள்வி ‘உனக்கு என்ன நோய்?’ அல்ல, ‘உனக்கு என்ன பிரச்சினை?’ வாடகை, புருஷன், சாவு, பசி எல்லாம் அந்தப் பெஞ்சில் பேச்சாகின்றன. விரட்டப்பட்ட பெண் தன்னைக் குப்பை என்று நினைத்துக் கிடப்பதற்கும், எழுந்து போய்த் தக்காளிக் கூடையைத் தூக்குவதற்கும் இடையில் உள்ள தூரம் அரசியலுக்கு அற்பமானது அல்ல. படுத்துக்கிடப்பவர்களைக் கொண்டு யாரும் ஊர்வலம் நடத்தியதில்லை. நோயை நோய் என்று ஏற்பதும், அதன் காரணத்தைச் சமூகத்தில் தேடுவதும் எதிரெதிர் நிலைப்பாடுகள் என்று யார் சொன்னது? காசநோய் வறுமையால் வருகிறது என்று தெரிந்தவர்கள்தானே நாம். அதற்காக, புரட்சி வரட்டும், அதுவரை மருந்து வேண்டாம் என்று இருமுகிறவரிடம் சொல்வோமா?

படேல் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிக் கோவாவில் வேலை செய்தார். ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. அரசு நிலையங்களுக்கு வந்தவர்களிடம் தெளிவான பலன் தெரிந்தது. தனியார் மருத்துவர்களிடம் போனவர்களிடம் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: ஜனங்களின் அன்றாட மனத்துயரத்தைப் பேசுவதற்கான இடம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேண்டும், அதைச் செய்கிற பெண்ணுக்கு முறையான சம்பளம் வேண்டும் என்று கேட்பது நம் கோரிக்கைப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். குடிநீர், பட்டா, கூலி என்று எழுதும்போது இதை ஏன் நாம் ஒருபோதும் எழுதவில்லை?

7

எழுதாததற்குக் காரணம் அந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். ஏழைகளுக்கு மனச்சோர்வு வராது, அவர்களுக்கு அந்த அளவுக்கு உள்வாழ்க்கை கிடையாது என்றது காலனிய மருத்துவம். ஏழைகளுக்கு மனச்சோர்வு வராது, அவர்கள் போராடும் வர்க்கம் என்கிறோம் நாம். முன்னது இழிவு, பின்னது புகழ்ச்சி. நோக்கங்கள் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. இரண்டு பேருமே அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் தோழர் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை இப்போது திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ‘என்னென்னமோ யோசனை ஓடிக்கிட்டே இருக்கு.’ அப்படியே குஃபுங்கிசிசா. என்ன யோசனை, எதைப் பற்றி என்று கேட்டிருக்கலாம். வீட்டிலா, கடனா, இல்லை அமைப்புக்குள்ளேயே யாராவது அவரை அவமானப்படுத்தினார்களா? எதுவுமே எங்களுக்குத் தெரியாது. பெண்ணியமும் தலித்தியமும் நுண் அரசியலும் மணிக்கணக்கில் பேசிய கூட்டத்தின் முடிவில், ஒருத்தர் தன் துயரத்தைச் சொன்னபோது எங்களிடம் அதற்கு ஒரு நகைச்சுவைதான் இருந்தது.

அவர் உட்கார எங்கள் அலுவலகத்திலும் ஒரு பெஞ்சு இருந்தது. பத்திரிகைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம்.